உட்கார வைத்த சோறு

ஒரு சொறிநாய்க்காக என் கை உடைந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மாடு முட்டியிருந்தால் பரவாயில்லை. லாரி இடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவாவது செய்யலாம். கஞ்சித் தண்ணீரைக் கொட்ட வாசலுக்கு வந்தேன், அந்தப் பாழாய்ப்போன நாய் குறுக்கே ஓடியது, தடுமாறிக் கையை ஊன்றினேன். அவ்வளவுதான். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வலிகூட அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது கோபம்.

விழுவது எனக்குப் புதிதா என்ன? அறுப்புக் காலத்தில் கதிர்க்கட்டோடு வரப்பில் வழுக்கிச் சேற்றில் விழுந்திருக்கிறேன். களத்து மேட்டிலிருந்து மூட்டையோடு உருண்டிருக்கிறேன். எழுந்து, புடவையை உதறிக்கொண்டு, மேஸ்திரியை நாலு வார்த்தை திட்டிவிட்டு நடையைக் கட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஞானம்மா, சொந்த வீட்டு வாசலில், தலையில் ஒரு துரும்புகூட இல்லாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

என் மகன் தானியேல் கம்பெனியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தான். காக்களூர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு போல்ட் கம்பெனியில் அவனுக்குக் கடைசல் மெஷினில் வேலை. எங்கள் காலனியிலிருந்து முதன்முதலில் கம்பெனிக் கதவுக்குள் காலெடுத்து வைத்தவன் அவன்தான். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

வேலை நிரந்தரமான அன்றைக்கே அவன் நேராகப் பண்ணைக்காரர் வீட்டுக்குப் போய், "எங்கம்மா நாளையிலேர்ந்து வராது" என்று சொல்லிவிட்டு வந்தான். அப்புறம் காலனி முழுக்கக் கேட்கிற மாதிரி, "எங்கம்மாவ நான் உக்கார வச்சி சோறு போடப் போறேன்" என்றான். எங்கள் சனங்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. மகன் தலையெடுத்தான் என்பதற்கு அடையாளமே தாய்க்காரி உட்கார்ந்திருப்பதுதான். சட்டை எவனும் போட்டுக்கொள்ளலாம். அம்மாவை உட்கார வைக்க எத்தனை பேரால் முடியும்? "குடுத்து வச்சவ நீ" என்று பெண்கள் பொறாமைப்பட்டார்கள். நானும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன். தண்ணீரை அவனே அடித்து ஊற்றினான், விறகை அவனே சுமந்து வந்தான், நெல்லை மில்லுக்கு அவனே கொண்டுபோனான். நான் எழுந்தால்கூட, "இன்னாம்மா வேணும்? நான் எடுத்தாறேன்" என்பான். இப்படியே சில வருஷம் ஓடியது. எழுபத்திமூன்றாம் வருஷம் அந்த நாய் வந்தது.

டாக்டர் பெயர் வீரராகவன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாசா மாசம் வர்றது நின்னு எவ்வளவு நாளாச்சும்மா?" என்று கேட்டார். தானியேல் சட்டென்று திரும்பிச் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்துவிட்டான். நான் சொன்னேன், எனக்கென்ன வெட்கம்? அவனைப் பெற்றதே அதனால்தானே.

"இப்போ என்ன வேலை செய்யறீங்க?"

இதற்கு மட்டும் தானியேல் திரும்பினான். "ஒரு வேலையும் இல்ல சார். நான் உக்கார வச்சி சோறு போடுறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"பாதி வியாதி அதுதான்பா" என்றார் டாக்டர்.

என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மெடல் வாங்கப் போனவனை முட்டிபோடச் சொன்ன மாதிரி இருந்தது. டாக்டர் நல்ல மனுஷர், குரலை இறக்கிப் பொறுமையாகச் சொன்னார். "எலும்புன்னா செத்த கல்லுன்னு நினைக்கிறோம். அது உசிருள்ள பொருள். தினமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் சேரும். மேல பாரம் விழுந்தா, நமக்கு இன்னும் வேலை இருக்குன்னு கெட்டியாகும். பாரமே விழலைன்னா, நாம யாருக்கு வேணும்னு கரைஞ்சுக்கிட்டே போகும். அது நின்னுபோன பொம்பளைங்களுக்குக் கரையறது தானாவே ஜாஸ்தி. இவங்க உட்கார்ந்து வேற இருக்காங்க. கை கூடினதும் நல்லா நடக்கணும். நின்னு வேலை செய்யணும். லேசா ஏதாவது சுமக்கணும். குனிஞ்சு வெடுக்குனு மட்டும் தூக்கக் கூடாது, முதுகெலும்பு தாங்காது. எக்சர்சைஸ் இல்லாம எலும்பு நிக்காது."

"இப்படியே வுட்டா இன்னாய்யா ஆவும்?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு மணிக்கட்டு. இன்னொரு நாள் விழுந்தா இடுப்பு."

செவ்வாப்பேட்டையில் இருந்த என் அக்கா முத்தம்மா இடுப்பு முறிந்துதான் போய்ச் சேர்ந்தாள். அவளையும் மகன் உட்கார வைத்துத்தான் சோறு போட்டான். ஒருநாள் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தாள், அதோடு எழுந்திருக்கவே இல்லை. நான்தான் போய்ப் பார்த்துக்கொண்டேன். முதுகெல்லாம் புண். சந்தைக்குப் போனால் எங்கள் எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு நடக்கிறவள், மூத்திரத்துக்கு என் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "ஒரு தபா என்ன நிக்க வையிடி" என்று கெஞ்சுவாள். நிற்க வைக்க என்னால் முடியவில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் அவளுக்கு இல்லை. சாவதற்கு எனக்குப் பயம் இல்லை. அப்படிக் கிடப்பதற்குத்தான் பயம்.

கை கூடிக் கட்டுப் பிரித்த வாரம், தானியேல் ஒரு மாட்டு வண்டியில் எதையோ சாக்கு போட்டு மூடி ஏற்றிக்கொண்டு வந்தான். சாக்கை விலக்கினால் கால் மிதிக்கிற தையல் மெஷின்! டாக்டர் பேசியதில் அவன் காதில் விழுந்தது எக்சர்சைஸ் என்கிற ஒரு சொல்தான். அதைக் கம்பெனியில் யாரிடமோ கேட்டு, மூளையைக் கசக்கி, இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறான்.

"ஒக்காந்த எடத்துலயே எக்சர்சைஸும்மா! காலுக்கு வேலையும் ஆச்சு, உனுக்கு மரியாதையும் ஆச்சு" என்றான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிதித்தேன். காலையில் நாஷ்டா முடித்து உட்கார்ந்தால் வெயில் இறங்குகிறவரை மிதித்தேன். எங்கள் வீட்டுத் தலையணைக்கெல்லாம் உறை தைத்தேன். அது முடிந்து பக்கத்து வீட்டுச் சாராளின் தலையணைக்குத் தைத்தேன். அப்புறம் காலனியில் உறை இல்லாத தலையணையே இல்லை. ஆடுதசை இறுகியது, மூச்சு வாங்குவது குறைந்தது, ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. ஆகா, எலும்பு கெட்டியாகிவிட்டது என்று நானே நம்பி, டாக்டரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். தானியேலும் பக்கத்தில் நின்றான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "நல்லதுதான்மா, நெஞ்சுக்கு நல்லது, தசைக்கு நல்லது. ஆனா மிதிக்கும்போது உங்க உடம்புப் பாரம் எது மேல இருக்கு?"

"ஸ்டூல் மேல."

"அப்போ ஸ்டூலுக்குத்தான் பலம் வரும்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தானியேல் சிரிக்கவில்லை. சைக்கிள் மிதிப்பதும், தண்ணீரில் நீந்துவதும், மெஷின் மிதிப்பதும் ஒரே கதைதான், உடம்பை வேறு ஏதோ தாங்கிக்கொள்கிறது, கால் தரையில் ஊன்றி உங்கள் பாரத்தை நீங்களே தாங்கினால்தான் எலும்புக்குச் சேதி போகும் என்று டாக்டர் மறுபடி விளக்கினார். வரும் வழியெல்லாம் தானியேல், "அந்த ஆளுக்கு இன்னா தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான். என்ன தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போனதும், சின்னக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருக்கோடி அடிபம்புக்கு நடந்தேன். குடத்தை இடுப்பில் வைத்தால் கை பிடித்துக்கொள்ள வேண்டும், உடைந்த கைக்கு அந்தப் பிடி இன்னும் வரவில்லை. தலையில்தான் வைக்க வேண்டும். அதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். சாராள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். "தூக்கி வுடுடி" என்றேன். தூக்கிவிட்டாள். அரைக்குடம்தான். ஆனால் தலையில் பாரம் உட்கார்ந்ததும் கழுத்து நிமிர்ந்தது, முதுகு நிமிர்ந்தது, குதிகால் தரையைப் பிடித்துக்கொண்டது. வெகுநாள் கழித்து என் உடம்பு என்னிடம் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. தெருவில் நடக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தினமும் போனேன். அரைக்குடம் முக்கால் குடமாகி, கொஞ்ச நாளில் முழுக்குடமாயிற்று. வாசற்படி இறங்கும்போது சுவரைப் பிடிக்கிற வழக்கம் தானாகவே போனது.

எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? கம்பெனி டீக்கடையில் ஆசீர்வாதம் என்கிற ஒரு வாயாடி, எல்லார் எதிரிலும், "இன்னா தானியேலு, ஒக்கார வச்சி சோறு போடுறேன்னே, உங்கம்மா கொடம் தூக்கினு போவுது? சோறு கட்டுப்படி ஆவலியா?" என்று கேட்டுவிட்டானாம். தானியேல் வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்தினான். நேராக ஒவ்வொரு வீடாகப் போனான். "அக்கா, உங்க கால்ல வுயறேன், எங்கம்மாவுக்குப் பாரம் தூக்கி வுடாதீங்க" என்று எல்லாப் பெண்களிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த அநியாயத்தை என்னவென்று சொல்ல? எங்கள் பக்கத்தில் தூக்கிவிடு என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவள் கேட்டால்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டாவது கையைக் கொடுப்பார்கள். பாரம் சுமக்கிறவளால் தனியாகத் தூக்கிக்கொள்ள முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். மறுநாள் நான் குடத்தை நிரப்பி வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஒருத்தியும் கிட்டே வரவில்லை. ஒருத்தி முந்தானையில் முடிச்சு தேடுகிறாள். இன்னொருத்தி தண்ணீர் வருகிற பம்பை ரிப்பேர் பார்க்கிறாள். சாராள் மரத்தில் இருக்கும் காக்காயை, வாழ்நாளில் காக்காயே பார்க்காதவள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே சாராளு, காக்கா உனுக்கு மாமனா மச்சானா?" என்று கத்தினேன்.

"கோச்சிக்காத யக்கா. புள்ள கண்ணுல தண்ணி வச்சிகினு கேட்டான். நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். குடத்தை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவன் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனுக்கு இன்னாடா பேஜாரு? டாக்டரு சொன்னத நீயும்தான கேட்ட?"

"ஊரு இன்னாம்மா பேசும்? புள்ள கம்பெனில கீறான், ஆத்தா தலையில சுமக்குதுன்னு."

"பேசட்டும். வாய் வலிச்சா நிறுத்திக்கும்."

அவன் சட்டைப் பித்தானைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "ஊர வுடும்மா. நான் சின்னப் புள்ளையில வரப்புல ஒக்காந்துகினு உன்ன பாப்பேன். தலையில மூட்டையோட வருவ. கயுத்து நரம்பு பொடைச்சிகினு இருக்கும். அம்மான்னு கூப்புட்டா உன்னால பதில் சொல்ல முடியாது. கண்ண மட்டும் இப்புடித் திருப்புவ. அந்தக் கண்ணு எனுக்கு இன்னும் கனவுல வருது. மறுபடி அத நான் பாக்கணுமா?"

இதை அவன் இதுவரை சொன்னதே இல்லை. நானும் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன். "அது அடுத்தவன் மூட்ட நைனா. தூக்கலைன்னா நமக்குக் கஞ்சி இல்ல. இது அப்புடி இல்லடா. இது என் எலும்புக்காக நான் தூக்குறேன். உங்க பெரியம்மா கெடந்த கெடைய நீ பாக்கல, நான் பாத்தேன்."

"நீ அப்புடிப் படுத்தாலும் நான் ராணியாட்டம் பாத்துக்குவேன்."

"பாத்துக்குவடா. அதுல எனுக்குச் சந்தேகமே இல்ல. ஆனா படுத்துக் கெடக்கப் போறது நானு."

சோறு வைத்தேன், பாதியில் கை கழுவிவிட்டான். அதற்குப் பிறகும் என் தண்ணீரை அவனே அடித்து நிரப்பிக்கொண்டுதான் இருந்தான். நான் அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். என் கோபம் அப்படித்தான், கஞ்சி மாதிரி கொதித்து முடித்தால் கட்டிதட்டிப்போய்விடும்.

அந்த வருஷம் எங்கள் வேதக்கோயிலுக்குப் பக்கச் சுவர் எழுப்பினார்கள். கூலிக்கு ஆள் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையாரே வேலை செய்தோம். லாரி சந்துக்குள் வராததால் மணலை ரோட்டோரம் கொட்டியிருந்தார்கள். ஆண்கள் கலவை போட, பெண்கள் வரிசையாக இரும்புச் சட்டியில் மணலை ஏந்திப்போய்ச் சுவரோரம் கொட்ட வேண்டும். போதகரின் மனைவி ஐயரம்மா எனக்கு ஒரு நாற்காலி போட்டு, "நீங்க உக்காருங்க ஞானம்மா" என்றார். தானியேல் அந்த நாற்காலியைத் துடைத்து நிழலில் இழுத்துப் போட்டான். அவனோடு வேலை பார்க்கிற ஆசீர்வாதமும் இன்னும் சிலரும் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள்.

உட்கார்ந்தேன். எதிரே சாராள் போகிறாள், அவளுக்குப் பின்னால் என்னைவிட மூத்தவள் ஒருத்தி போகிறாள். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள். நான் பொம்மை மாதிரி நிழலில் இருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எழுந்தேன். ஒரு சட்டியை எடுத்து, மணல்குவியல் பக்கத்தில் வைத்து, கையாலேயே பாதி வரை அள்ளிப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருத்தரும் என் பக்கம் திரும்பவில்லை. சத்தியம் செய்த கூட்டம்! எல்லாரையும் கட்டிப்போட்டு வைத்தவன் அவன்தானே, அவனையே கேட்டால் என்ன என்று தோன்றியது.

"டேய் தானியேலு!" என்று கூப்பிட்டேன்.

கலவை கிளறுகிற சத்தம் நின்றது. எல்லாரும் திரும்பினார்கள்.

"வந்து தூக்கி வுடு."

அவன் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றான். ஆசீர்வாதம் வாயைத் திறக்கப் போனான், பக்கத்தில் இருந்தவர் அவன் தோளைப் பிடித்தார். என் பிள்ளையின் முகத்தில் கோபம் வந்து போனது, வெட்கம் வந்து போனது. நான் கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. அவன் மட்டும் மறுத்துவிட்டால் எனக்கு அந்த நாற்காலியும், அதற்குப் பிறகு கட்டிலும்தான்.

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தான். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி என் தலையில் வைத்தான். குனிந்து சட்டியை எடுத்தான். நெஞ்சு வரை தூக்கியவன் அங்கேயே நிறுத்திவிட்டான்.

"இதுவே இவ்ளோ கனம் கீதேம்மா."

"இன்னும் கொஞ்சம் தூக்கு."

தலையில் வைத்தான். ஆனால் கையை விடவில்லை. சட்டிக்கு அடியில் அவன் இரண்டு கையும் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தலைவழியே தெரிந்தது.

"கைய எடுடா."

"எடுத்தா நீ வுயுந்துடுவ."

"வுய மாட்டேன். எடு நைனா."

மெதுவாக எடுத்தான். நான் நின்றேன். என் கழுத்துக்கு மேலே மணல், என் காலுக்குக் கீழே தரை, நடுவில் என்னைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான், சின்ன வயதில் பார்த்த மாதிரியே.

"அம்மா" என்று மெல்லக் கூப்பிட்டான்.

"இன்னாடா?" என்றேன், சத்தமாக.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியை விட்டான். நான் சந்துக்குள் நடந்துபோய் மணலைச் சுவரோரம் கொட்டினேன். காலிச் சட்டியோடு திரும்பி வந்தபோது அவன் கலவைப் பக்கம் போகாமல் அங்கேயே நின்றிருந்தான், அடுத்த சட்டியைத் தூக்கிவிட.